உயேனோவின் இரைச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏப்ரல் தொடக்கத்தில் அம்மாவுடன் டோக்கியோ போயிருந்தேன். உயேனோ பூங்காவில் செர்ரி பூத்திருந்தது. ஆனால் மரத்தடியெல்லாம் நீலத் தார்ப்பாய், பீர் டின், கூச்சல். அம்மா "நம்ம ஊர் தேர்த்திருவிழா மாதிரி இருக்குடா" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் ஜென் அமைதியைத் தேடிப் போனவன். ஜப்பான் அதை இழந்துவிட்டதா? உண்மையான ஜப்பானியத் தோட்டத்தை எங்கே பார்க்கலாம்?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஆளில்லாத இடம்தான் அழகான இடம் என்று நம் நடுத்தர வர்க்கத்துக்கு எப்போதிருந்து தோன்றுகிறது? கொஞ்ச நாளாகவே இதை யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

ஜென்னை முதலில் ஓரமாக வையுங்கள். உயேனோ குன்று முழுக்க ஒரு காலத்தில் கனேய்ஜி என்ற ஆலயத்தின் வளாகம். அது தெண்டாய் என்ற பௌத்த மரபு, ஜென் அல்ல. 1625-ல் தென்காய் என்ற துறவி நிறுவியது. எதோவின் (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டைக்கு வடகிழக்கே, தீயவை நுழையும் திசை என்று நம்பப்பட்ட மூலையில், கியோத்தோவின் ஹியெய் மலையைப் போலவே ஒரு காவல். கீழே உள்ள ஷினோபாஸு குளம் அந்த மலையடிவாரத்து பிவா ஏரியின் நகல். யொஷினோவிலிருந்து செர்ரி மரங்களைக் கொண்டுவந்து வைத்தவரும் தென்காய்தான்.

நீங்கள் தேடிய அமைதி அப்போது அங்கே இருந்தது. ஷோகன்கள், அதாவது பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர்கள், ஆறு பேர் அடக்கமான இடம் அது. பூப்பார்க்க வரலாம், குடிக்கக் கூடாது, வாத்தியம் கூடாது, பொழுது சாய்ந்தால் வெளியேற வேண்டும். கூத்தடிக்க நினைத்த எதோவாசிகள் அசுகயாமா குன்றுக்குப் போனார்கள். எட்டாவது ஷோகன் யொஷிமுனே 1720-களில் அதற்கென்றே அங்கே செர்ரி நட்டிருந்தார். ஆக, உயேனோவின் அமைதி அதிகாரம் போட்ட உத்தரவு. அதை ஜப்பானிய ஆன்மா என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறீர்கள்.

அந்த அமைதி 1868 ஜூலை 4-ல் முடிந்தது. மழைநாள். பதவியிழந்த ஷோகனுக்காக ஷோகிதாய் படையினர் ஆலயத்தில் கூடி நின்றார்கள். குளத்துக்கு அப்பாலிருந்து புதிய அரசின் ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கிகள் முழங்கின. ஆலயத்தின் கறுப்பு வாசலில் நேர்த்தாக்குதலை நடத்தியவர் அரசுப் படைத் தளபதி சாய்கோ தகாமோரி. ஒரே நாளில் சண்டை முடிந்தது, ஆலயத்தின் பெரும்பகுதி சாம்பல். எரிந்த நிலத்தில் மருத்துவப் பள்ளி கட்ட நினைத்தார்கள். பௌதுவின் என்ற டச்சு மருத்துவர்தான் பூங்காவாக்கச் சொன்னார். (நன்றிக்காக 1973-ல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அது அவருடைய தம்பியின் முகம். 2006-ல்தான் மாற்றினார்கள். "ஜப்பானியத் துல்லியம்" என்று கட்டுரை எழுதும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.) 1873-ல் அரசு முதல் பொதுப்பூங்காக்களை அறிவித்தபோது மக்கள் ஏற்கனவே கூடிக் களித்த இடங்களைத்தான் தேடியது. கூட்டம் பூங்காவின் இலக்கணத்திலேயே இருக்கிறது, கதிர்.

இப்போது உங்களிடம் சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சாய்கோ சிலையோடு நீங்கள் எடுத்த படத்தை இணைத்திருக்கிறீர்கள். 1898-ல் வைத்தது; பருத்திக் கிமோனோ, கையில் நாய்க் கயிறு, சீருடை கிடையாது. ஏன் என்று கேட்டீர்களா? உயேனோவில் வென்ற அதே மனிதர் 1877-ல் அதே அரசை எதிர்த்துக் கலகம் செய்து செத்தார். 1889-ல் மன்னித்தார்கள். மன்னிக்கப்பட்ட கலகக்காரரை ராணுவ உடையில் நிறுத்தலாமா என்பது லேசான கேள்வியல்ல. சிலைக்குச் சற்றுப் பின்னால் அவர் படை கொன்ற ஷோகிதாய் வீரர்களின் கல்லறை இருக்கிறது. பிணங்களைத் தொடவே ஊர் அஞ்சியது. மழையில் கிடந்தவற்றை ஒரு பிக்கு எடுத்து எரித்தார். பிழைத்தவர்கள் 1874-ல் கல்லறை எழுப்ப அனுமதி பெற்றார்கள். நான் போனது ஆனி மாதம், குளத்தில் தண்ணீரே தெரியாமல் தாமரை இலை மூடியிருந்தது. கல்லின்மேல் பெரிய எழுத்துகள். எனக்குப் படிக்கத் தெரியாது, உடன் வந்தவர் படித்துச் சொன்னார்: "போரில் இறந்தோர் கல்லறை." எந்தப் போர், யார் பக்கம், ஒன்றுமில்லை. படையின் பெயரைப் பொறிக்கத் துணிவில்லை. கொன்றவருக்குப் பெயரோடு வெண்கலம், செத்தவர்களுக்குப் பெயரில்லாத கல். அமைதி தேடிப் போனீர்களே, அங்கே இருந்தது ஓர் அமைதி. செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள்!

அந்தச் சிலையைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 1923 பூகம்பத்தில் வீடிழந்தவர்கள் இந்தப் பூங்காவில்தான் தஞ்சம் புகுந்தார்கள். காணாமல்போன பிள்ளைகளையும் பெற்றோரையும் தேடும் சீட்டுகளைச் சாய்கோவின் மேலெல்லாம் ஒட்டினார்கள். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஷினோபாஸு குளத்தில் நெல் நட்டார்கள். இத்தனையும் தாங்கிய மண்ணில் ஒருவன் பாய் விரித்துப் பீர் குடித்தால் உங்களுக்கு எரிச்சல்.

அம்மா சொன்னதுதான் சரி. தேர்த்திருவிழாவேதான். அவரிடம் கோபித்துக்கொண்டதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவரை அங்கே புத்தரின் முகத்தைப் பார்க்க அழைத்துப்போங்கள். பெரிய புத்தர் சிலையின் தலை 1923-ல் உருண்டது, உடல் போர்க்காலத்தில் உலோகத்துக்காகப் போயிற்று, இப்போது சுவரில் பதித்த முகம் மட்டும். இனி விழவே முடியாதவர் என்பதால் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இஷ்ட தெய்வம். அம்மாவுக்குப் பிடிக்கும்.

தோட்டம் கேட்டிருந்தீர்கள். ரிக்குகியென் போங்கள், 1702-ல் ஒரு பிரபு உருவாக்கியது. சுற்றுமதில், நுழைவுச்சீட்டு எல்லாம் உண்டு. வழக்கமாக மாலை 5 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.