வீரரின் பலவீனத்தைக் குறிவைக்கும் எதிரியை நியாயமாக உருவாக்குவது எப்படி?

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஒருவருடைய கேரக்டரை எந்த எதிரியாலும் தொட முடியவில்லை. அவர் பலவீனத்தைப் பார்த்து அடிக்கிற எதிரியை இறக்கலாமா, அது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் விளையாட்டு இது. எதிரிகளை ஆட்டுவிப்பவர் நடத்துகிறவர்.)

நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம், கேடயம், அதற்கு மேல் டிஃபென்ஸ் ஸ்டைல் என்ற தற்காப்புத் திறமை என்று, அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸை 19-ல் ஏற்றி வைத்திருக்கும் ஒரு ஃபைட்டர் உங்கள் மேசையில் இருக்கிறார். கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு, அது கூட்டிக்கொள்ளும் 4 போக, இருபது முகப் பகடையில் 15-ஓ அதற்கு மேலோ விழுந்தால்தான் அவர்மேல் அடி படும். நீங்கள் தூக்கம் கெட்டுத் தயாரித்த சண்டையைக் கடலை கொறித்துக்கொண்டே முடித்துவிடுகிறார். கடுப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு மதியம் நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் ஆடுவோம். ஃபைட்டர் ஆடுகிறவன் குளச்சலிலிருந்து பஸ் பிடித்து வருவான். அவன் கேரக்டருக்கு இன்டெலிஜென்ஸ் 8. கேரக்டரின் ஆறு திறன்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் எண்கள் 15, 14, 13, 12, 10, 8. அந்த எட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்? வாள் சுற்றுகிறவனுக்குப் புத்தி எதற்கு என்று அங்கே போட்டிருந்தான்.

மூன்றாவது லெவலில் அவன்மேல் இன்டெலக்ட் டிவவரரை ஏவினேன். நாலு காலில் நடக்கும் மூளை. கவசம் அதற்குப் பொருட்டே இல்லை. தப்பிக்க இன்டெலிஜென்ஸ் சேவிங் த்ரோவில், அதாவது தப்பிப்பதற்கான உருட்டலில், 12 வேண்டும். அவனுடைய எட்டுக்கு மைனஸ் 1, அதனால் பகடையில் 13-ஆவது விழ வேண்டும். தவறினால் நான் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டுவேன். கூட்டினால் அவன் இன்டெலிஜென்ஸான எட்டோ அதற்கு மேலோ வந்தால் அவன் புத்தி பூஜ்யம், ஆள் மரம்போலக் கிடப்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே தாக்குதலில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதைக் குணமாக்கும் கிரேட்டர் ரெஸ்டரேஷன் மந்திரம் கிளெரிக்குக்கு (பூசாரி வகைக் கேரக்டர்) ஒன்பதாவது லெவலில்தான் வரும்.

புத்தகத்தில் அந்த மூளையின் சேலஞ்ச் ரேட்டிங், அதாவது ஆபத்தின் அளவு, வெறும் 2. "விதிப்படிதானே செய்தேன்" என்று வாதாட இடம் இருந்தது. வாதாடவும் செய்தேன்.

நாலரை மணிக்கு விழுந்தான். எட்டு மணிவரை பகடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தபோது, "நான் சும்மாதான் இருக்கேன், தாங்கம்மா" என்று வாங்கி அவனே எல்லாருக்கும் விளம்பினான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "லே மக்கா, அடுத்த வாரமும் கறி வெளம்பத்தான் வரணுமா?" என்றான். அடுத்த மூன்று வாரம் ஆளைக் காணோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவன் இன்டெலிஜென்ஸ் 8 என்று அந்த மூளைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கேரக்டர் ஷீட்டைப் பார்த்தவன் நான். என் கடுப்பை அதன் தலையில் ஏற்றிவிட்டேன். அது வருகிறது என்று அவனுக்கு ஒரு குறிப்பும் தரவில்லை. வந்தபின் அவன் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவனைக் கெஞ்சிக் கூப்பிட்டு, அடுத்து இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரை வைத்தேன். ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கிய ஜந்து அது. முப்பது அடிக்குள் இரும்பு இருந்தால் மோப்பம் பிடிக்கும். அது தொடும்போதெல்லாம் கவசத்தின் ஆர்மர் கிளாஸில் ஒன்று போகும், பத்துக்கு இறங்கினால் கவசமே உதிர்ந்துவிடும். அவனுடைய ஒரே பலமான கவசத்துக்கே ஆபத்து. ஆனால் இந்த முறை அவனைத் தேடிவர அந்த ஜந்துவுக்குச் சொந்தக் காரணம் இருந்தது: பசி.

முன்கூட்டியே தடயம் போட்டேன். கீல் இல்லாமல் சாய்ந்து நிற்கும் கதவு. தோல் வாரெல்லாம் அப்படியே இருக்க, பக்கிள் மட்டும் காணாமல்போன ஒரு பிணம். தரையில் செம்பழுப்பாய் ஏதோ தூள். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். இவன் மட்டும் நின்றான். "எங்க வீட்டு ஜன்னல் கம்பி உதிருற மாதிரில்லா இருக்கு. தொட்டுப் பாக்கேன்." கடலோரத்தில் வீடு. உப்புக்காற்றில் கம்பி பொருக்குப் பொருக்காய் விடும், சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடித்தே வளர்ந்தவன்.

துரு என்று சொன்னேன். கனத்த கவசத்தைக் கழற்ற விதிப்படி ஐந்து நிமிடம் ஆகும். உட்கார்ந்து கழற்றினான். கதவு மரத்தில் ஒரு துண்டைத் தடியாக எடுத்துக்கொண்டு வெறும் சட்டையோடு உள்ளே போனான். கிளெரிக் ஆடுகிறவன் சிரித்தான், இரண்டே சுற்றில் அவனுடைய கவசத்தில் இரண்டு புள்ளி போனது. இவன் இரண்டு கடி வாங்கி, மிச்சம் நாலு ஹிட் பாயிண்டில் (உயிர்ப் புள்ளி) தள்ளாடிக்கொண்டு ஜந்துவை அடித்துக் கொன்றான். அன்றைக்குப் போல அவன் கூச்சல் போட்டு நான் கேட்டதில்லை.

புத்தியுள்ள எதிரி என்றால், அவனுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்பதை நீங்கள்தான் முதலில் சொல்லியாக வேண்டும். நம்மூர்க் கதையே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களுக்காக வந்து பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதை வைத்து ஒரு வில்லன் செய்தேன்: மூன்று செஷன் எங்களோடு சேர்ந்து சண்டை போட்டு, பிறகு பிடிபட்டு, எதிரியிடமே சேர்ந்துகொண்டவன். எங்கள் விஸார்டின் (மந்திரவாதி) மந்திரம் கான்சன்ட்ரேஷனில், அதாவது மனக்குவிப்பில்தான் நிற்கிறது, அவர்மேல் கல்லெறிந்தாலே குலையலாம் என்று அவன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். விஸார்ட் ஆடுகிறவர் திட்டினார், ஆனால் என்னை இல்லை, வில்லனை.

இதெல்லாம் 2014 விதிகள். புதுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் கமென்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம். "இன்டெலக்ட் டிவவரரைக்கூட நன்றாக நடத்தலாம், உனக்குத் தெரியவில்லை" என்பவர்களுக்கு: சரி, எனக்குத் தெரியவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இடம் போதாமல் ஒரு படிப்பகத்தில் மேசை கேட்டோம். பகடையைப் பார்த்ததும் "சூதாட்டத்துக்கு இங்க இடமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்ன பெரியவர் கையில் சீட்டுக்கட்டு. அங்கே காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ரம்மி ஓடும். சவத்த விடுங்கள்.

எங்கள் ஃபைட்டர் இப்போது எட்டாவது லெவல், பிளேட் ஆர்மர் வாங்கிவிட்டான். அந்தத் தடியை இன்னும் தூக்கிப் போடவில்லை. எந்தக் கதவைக் கண்டாலும் முதல் கேள்வி, "கீல் இருக்கா?"