பேரேடு தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கணக்குகளைக் கணினிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. என்னுடன் இருக்கும் மூத்த எழுத்தர் அண்ணன் கணினி முன் உட்காரவே மறுக்கிறார். "நீயே போட்டுவிடம்மா" என்று தன் கடவுச்சொல்லையும் என்னிடம் சொல்லிவிட்டார். பேரேட்டிலும் எழுதி, கணினியிலும் பதிந்து, நான் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அவரைப் பற்றிப் புகார் சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் கடவுச்சொல். இன்றே அவரிடம் சொல்லி மாற்றச் செய்யுங்கள். அவர் பெயரில் நீங்கள் பதியும் ஒவ்வொரு ரசீதுக்கும் நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நகைக்கடனில் நிகர எடை ஒரு கிராம் தவறாகப் பதிவானாலும் இருவருக்கும் சங்கடம். "அண்ணே, உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி அவருடைய தயக்கம். நான் பொதுத்துறை வங்கியில் பேரேட்டுக் காலத்தில் சேர்ந்து, கணினிக் காலத்தில் ஓய்வு பெற்றவள். எங்களுக்கு இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம், 1984இல் வங்கிக் கணினிமயம் பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை, 1993இல் மீண்டும் ஓர் ஒப்பந்தம் என்று பத்தாண்டுகள் பேசிப் பேசித்தான் வந்தது. உங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் உங்களுடையதைப் போன்ற 63,000 கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கணினிப் பெட்டி வந்து இறங்கியது. உங்கள் அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். வெறும் பிடிவாதம் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்குப் பேரேட்டைப் பார்த்துவந்த மூத்தவர் ஒருவர் இயந்திரத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அவருக்குப் பெரும் பாரமாக இருந்தது அரையாண்டு வட்டி. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்பைப் பக்கம் பக்கமாகத் தேடி, அதற்குத்தான் வட்டி கணக்கிட வேண்டும். அதோடு பேரேட்டுக் கூட்டல், கிளையின் மொத்தக் கணக்கைக் காட்டும் பொதுப் பேரேட்டோடு ஒத்துப்போகாவிட்டால், சில பைசா வித்தியாசத்துக்காக மாலை முழுவதும் போய்விடும். அந்த வட்டிப் பட்டியலை இயந்திரம் அச்சிட்டுத் தந்த அன்று, அவர் சந்தேகப்பட்டுப் பல கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த நாள் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் அண்ணனுக்கு எது பாரம்? தவணை தவறியவர் பட்டியலா, பயிர்க்கடன் வட்டி மானியக் கணக்கா? அதை முதலில் கணினியில் எடுத்துக் காட்டுங்கள். அவர் சரிபார்க்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பழைய இருப்புகளை ஏற்றும்போது அவர் இல்லாமல் உங்களால் சரியாகச் செய்யவே முடியாது. ஒரே ஊரில், ஒரே பெயரில், தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கும் இரண்டு உறுப்பினர்கள்; இறந்துபோன தந்தையின் பெயரிலேயே ஓடும் கடன்; பாகப்பிரிவினைக்குப் பின் யாரிடம் எந்தச் சர்வே எண் போனது என்ற விவரம். இவையெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. அவர் பேரேட்டைப் படிக்க, நீங்கள் பதியுங்கள். சில நாள் கழித்து நீங்கள் படிக்க, அவர் பதியட்டும். உறுப்பினர்கள் வரிசையில் நிற்கும்போது இந்தப் பழக்கம் வேண்டாம். இத்தனை ஆண்டுகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதர், ஊர்க்காரர் முன்னால் ஓர் எழுத்தைத் தேடித் தடுமாறுவது அவருக்குப் பெரிய வலி. கதவு சாத்திய பின் அரை மணி நேரம் போதும். அவர் தேடும்போது மௌஸைப் பிடுங்காதீர்கள்.

இரட்டை வேலைக்கு ஒரு முடிவு தேதி வேண்டும். கையால் எழுதுவது என்றைக்கு நிற்கும் என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அண்ணனையும் அதில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் கணினி வந்துவிட்டது. பயிற்சி கொடுத்தார்கள், கையேடும் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் சங்கத்தில் யாருக்கும் புரியவில்லை.
- ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: தினமும் செய்கிற வேலைகளுக்கு மட்டும் தமிழில் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்: நகைக்கடன் வழங்கல், வரவு ரசீது, நாள் முடிப்பு. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்பது போதும். திணறுகிறவரே அதை எழுதட்டும். தெரிந்தவர் எழுதினால் நடுவில் இரண்டு படிகளை விட்டுவிடுவார். பக்கத்துச் சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.