புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிகிறது, அப்பா வெளியே வருவதே இல்லை. ஆன்லைனில் உதவி கிடைக்குமா?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 66 வயது. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. சிறுநீர் ட்யூப் எடுத்த நாளிலிருந்து இருமினாலும் எழுந்தாலும் வேட்டி நனைகிறது. கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார். ஆஸ்பத்திரி தூரம்.

முதலில் தண்ணீர். அதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். உறுத்தினால் அடிக்கடி முட்டும், அவசரமாக வரும். மலமும் இறுகும், முக்கி முக்கிப் போனால் கசிவைத் தடுக்கும் அதே தசைதான் தளரும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவு. குறைக்க வேண்டியது காபி, டீ. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரையும் அளவாகக் குடிக்கலாம்.

அடுத்து, அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தக் கசிவுக்கும் நோய் திரும்புவதற்கும் சம்பந்தமில்லை. சிறுநீரை அடக்க ஆண்களுக்கு இரண்டு பூட்டு. ஒன்று பையின் வாயில், மற்றொன்று புராஸ்டேட்டுக்குக் கீழே. புராஸ்டேட்டை எடுக்கும்போது மேல் பூட்டு பெரும்பாலும் போய்விடுகிறது. இதுவரை துணைக்கு இருந்த கீழ்ப் பூட்டும், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசையும் இனி முழுச் சுமையையும் தாங்கப் பழக வேண்டும். படுத்திருக்கும்போது கசிவு குறைவதும், சாயங்காலம் தசை களைத்ததும் கூடுவதும் இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நன்றாகக் குறைகிறது. சிலருக்கு ஒரு வருடம் ஆகலாம்.

இந்த இடுப்படித் தசைக்கான பயிற்சியில் எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில்தான், எந்தத் தசை என்பதில். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல, கூடவே ஆணுறுப்பை உள்ளே இழுப்பதுபோல இறுக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால், உறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்வாங்குவதும் விதைப்பை சற்று மேலேறுவதும் தெரியும். தெரிந்தால் சரியான தசை அதுதான். புட்டம் இறுகினாலோ, தொடை ஒட்டினாலோ, வயிறு புடைத்தாலோ தவறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் வயிற்றின் அழுத்தம் பையின் மேல் இறங்கிக் கசிவைக் கூட்டும். இறுக்கியபடியே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடிந்தால் மூச்சுப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று நொடி இறுக்கி, அதே நேரம் முழுதாகத் தளர்த்துவதில் தொடங்கலாம். வாரங்கள் போகப்போகப் பத்து நொடிக்கு ஏற்றலாம். ஒரு வேளைக்கு மெதுவாகப் பத்து, சட்டென்று இறுக்கிவிடுவது பத்து. நாளுக்கு மூன்று வேளை. அதற்கு மேல் செய்தால் தசை களைத்து அன்றைக்குக் கூடுதலாகத்தான் நனையும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம், பை முழுதாகக் காலியாகாமல் போகும். ட்யூப் இருக்கும்போது இந்தப் பயிற்சியே கூடாது. பயிற்சியைவிட உடனே பலன் தருவது ஒரு பழக்கம்: நாற்காலியிலிருந்து எழுமுன், இருமுமுன், குடத்தைத் தூக்குமுன் இறுக்கிக்கொண்டு, பிறகு அந்த வேலையைச் செய்வது.

கசிவு குறைகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, எடை போடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். சிறுநீரை உறிஞ்ச வைக்கும் பேட் ஒன்றின் உலர்ந்த எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மாற்றிய நனைந்த பேடுகளைப் பையில் கட்டி எடை போட்டு, எத்தனை பேடோ அத்தனை பேடின் உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. வாரம் ஒரு நாள் செய்தால் போதும். ‘ஒன்றும் மாறவில்லை’ என்று சோர்ந்திருப்பவருக்கு, 300 கிராம் 220 ஆனதை எழுதிக் காட்டுவது பெரிய தெம்பு. டாக்டரும் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

பேட் வேட்டிக்குள் தனியாக நிற்காது. இறுக்கமான ஜட்டி வேண்டும், உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் டயப்பர் போட்டாலும் இடுப்போரம் வழியும். ஈரமானதும் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்துங்கள். தொடையிடுக்கு சிவந்தால் ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிய பூச்சாகப் போதும்.

இனி ஆன்லைன் உதவி. ஆண்களுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டை வீடியோவில் பார்ப்பது உண்மையிலேயே பயன்படும். மேலே சொன்ன தவறுகளைப் பேசியே திருத்திவிடலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். யாரிடமும் பேசாமல் முடங்கிக் கிடந்தால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். இதே அறுவை செய்துகொண்டவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால், ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று ஒருவர் சொல்வது அப்பாவுக்கு மருந்துக்குச் சமம். ஆனால் அங்கே யாராவது மருந்து விற்றால் வெளியே வந்துவிடுங்கள்.

வீடியோவில் தீராதவையும் உண்டு. தாரை நூலாக மெலிந்து, முக்கினால்தான் வருகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், தைத்த இடம் சுருங்கிப் பை நிரம்பி வழியலாம், நேரில் காட்டுங்கள். காய்ச்சல், இரத்தக்கட்டி, சிறுநீர் அடியோடு நிற்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நோய் திரும்புகிறதா என்று காட்டும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஒரே லேபில் எடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். புராஸ்டேட்டையே எடுத்துவிட்டதால் 0.1-க்குக் கீழே எதிர்பார்ப்பார்கள். விறைப்பு திரும்ப ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். இதை அவர் மகனிடமோ மகளிடமோ கேட்க மாட்டார், டாக்டரோடு தனியாகப் பேச விடுங்கள். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை போடுபவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஒரு வருடத்துக்குப் பிறகும் கசிவு அதிகமாக இருந்தால் சிறுநீர்க் குழாயைப் பட்டையால் தாங்கும் ஸ்லிங் அறுவையும், பூட்டின் வேலையைச் செய்யும் செயற்கைச் சுருக்குத்தசையும் இருக்கின்றன. அதுவரை கேட்டு வையுங்கள், அவசரப்பட வேண்டாம்.

வெளியே அழைத்துப் போவதை முதலில் அரைமணி நேர அளவுக்கு என்று தொடங்குங்கள். புறப்படும் முன் சிறுநீர் கழித்து, கடைசிச் சொட்டு தங்காதிருக்க விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, ஒரு கவர். அடர்நிற வேட்டி அல்லது பேன்ட். காலையில் போங்கள், அந்த நேரத்தில்தான் தசை களைக்காமல் இருக்கும்.