460 நோயாளிகளுக்கு 2 ஒருங்கிணைப்பாளர்கள் போதுமா?

கேள்வி: எங்கள் மையத்தில் ஆண்டுக்கு 60 சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. ஓராண்டைக் கடந்த 400 பேர் தொடர் கண்காணிப்பில் உள்ளனர். செவிலிய ஒருங்கிணைப்பாளர்கள் 2 பேர். போதுமா?

பதில்: போதாது. ஆளுக்கு 230 நோயாளி என்று வகுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அறுவை முடிந்து மூன்றாவது வாரத்தில் இருப்பவரும் ஐந்தாவது ஆண்டில் இருப்பவரும் தரும் வேலை ஒன்றல்ல.

காலக்கட்டமாகப் பிரியுங்கள். எந்த நாளிலும் முதல் 3 மாதத்தில் 15 பேர், 4 முதல் 12 மாதத்தில் 45 பேர், மீதி 400 பேர் அதற்கு மேல். ஒருவருக்கு மாதம் முறையே 6, 2, அரை மணி நேரம் என்று வையுங்கள்: 90, 90, 200, மொத்தம் 380 மணி. இவை உதாரண எண்கள். ஊழியர்களை இரண்டு வாரம் நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி உங்கள் எண்களைப் போடுங்கள். குறிக்கும்போது தொலைபேசி அழைப்பை விட்டுவிடாதீர்கள், அதிகம் விடுபடுவது அதுதான்.

வாரம் 40 மணி வேலை என்றால் ஆண்டுக்கு 2,080. விடுப்பு, பயிற்சிக்கு 15 விழுக்காடும், கூட்டம், பதிவேடுகளுக்கு மீதியில் 20 விழுக்காடும் போனால் மாதம் 118 மணிதான் கையில் நிற்கும். 380ஐ 118ஆல் வகுத்தால் 3.2. மூவர் இருந்தாலும் ஒருவர் விடுப்பில் போனால் தடுமாறும். 4 பேர் வேண்டும். நாலாவது இடத்துக்குச் செவிலியர் கிடைக்காவிட்டால், நேரம் ஒதுக்குதல், அறிக்கை வாங்குதல் போன்றவற்றை எழுத்தர் ஒருவரிடம் கொடுக்கலாம். மருந்தளவு பற்றிய பேச்சை மட்டும் அவரிடம் விடக்கூடாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை நாளுக்கு இருவேளை சாப்பிடுபவருக்குக் காலை மருந்துக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். மருந்தை விழுங்கிவிட்டு வந்தால் ரத்தத்தில் அதன் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால் அளவு உண்மையாகவே ஏறும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை எழுதினால் இறங்கும். "கடைசி மாத்திரை எப்போது? புதிதாக ஏதாவது மருந்து?" என்று கேட்க ஆள் இல்லையென்றால் இவை கண்ணில் படாது. நிராகரிப்பு தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறும்.

இன்னொன்றையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அறுவைகளின் எண்ணிக்கை 60லேயே நின்றாலும் ஆண்டுதோறும் சுமார் 60 பேர் பழைய பட்டியலுக்குப் போகிறார்கள். இதனால் மாதாந்தர வேலை ஒவ்வோர் ஆண்டும் 30 மணி வரை கூடுகிறது. இடையில் சிலர் குறைந்தாலும், நான்கைந்து ஆண்டில் இன்னொரு முழுப் பணியிடம் தேவைப்படும்.