ஓசூர் பால்கனியில் குட்டை டாஃபடில்: ஒரே தொட்டி, தனித்தனித் தண்ணீர்

கேள்வி: ஓசூரில் கிழக்குப் பார்த்த பால்கனி. 14 அங்குலத் தொட்டிகளில் ஜெரேனியம், ஜெர்பெரா வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய ‘டெட்-அ-டெட்’ ரகக் குட்டை டாஃபடில் (குளிர்நாட்டு மஞ்சள் பூ) கிழங்குகளைப் போன நவம்பரில் அவற்றுக்கு நடுவே நட்டேன். இலை வந்தது, பூ வரவில்லை. கோடையில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு அழுகிக் கிடந்தது. இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: பூ வராததற்குக் குளிர் போதாததும், கிழங்கு அழுகியதற்கு ஜெரேனியத்துக்கு ஊற்றிய தண்ணீரும் காரணம். டாஃபடிலின் தாயகமான ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மழையும் குளிரும் சேர்ந்து வரும். கோடையில் மண் காய்ந்துவிடும், கிழங்கு தூங்கும். குளிர்நாட்டுத் தோட்டங்களில் பல்லாண்டுச் செடிகள் குளிர்காலத்தில் அடங்கிக் கிடக்க, டாஃபடில் முந்திப் பூத்து முடித்துவிடும். நம் ஊர் ஜெரேனியம் அடங்குவதே இல்லை. கோடையிலும் தண்ணீர் கேட்கும். ஆகவே இரண்டையும் ஒரே மண்ணில் நடக்கூடாது.

முதலில் குளிர். இந்த ரகத்துக்கு 5 முதல் 9 டிகிரி வரையிலான குளிர் 12 முதல் 14 வாரம் வேண்டும். ஓசூரின் மார்கழி இரவு நமக்குத்தான் குளிர்; கிழங்குக்கு அது பத்தாது. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுதான் வழி. கிழங்கை வெறுமனே பையில் போட்டு வைப்பதைவிடத் தொட்டியில் நட்டே உள்ளே வைப்பது நல்லது. குளிர்காலத்தில்தான் வேர் இறங்குகிறது.

5 அங்குல பிளாஸ்டிக் தொட்டிக்கு 5 கிழங்கு, ஒன்றையொன்று தொடாமல். செம்மண் 2 பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, பருமணல் 1 பங்கு. நார்க்கழிவை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். தொழு உரம் வேண்டாம்: தழைச்சத்து கூடினால் பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அடியழுகல் எளிதில் பிடிக்கும். கூர்முனைமேல் ஒரு விரல்கடை மண் போதும். ஒரு முறை நனைத்து, நீர் முழுக்க வடிந்த பிறகு, துளையிட்ட பாலிதீன் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஈரம் பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம் எதையும் அதோடு வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இன்னொன்று, கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. தின்றால் வாந்தி நிச்சயம். பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். கிழங்கின் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது.

தேதிக் கணக்கு முக்கியம். அக்டோபர் முதல் வாரம் உள்ளே போனால் ஜனவரி முதல் வாரத்தில் வெளியே வரும். அடுத்த மூன்று, நான்கு வாரத்தில் பூக்கும். நவம்பரில் வைத்தால் பூ மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும். மொட்டு உறைக்குள்ளேயே காய்ந்து போகும். விற்பவர் ஏற்கெனவே குளிரூட்டியது என்றால் எத்தனை வாரம் என்று கேட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அடித்துளையில் வெள்ளை வேரும், மேலே இரண்டு அங்குல வெளிர் முளையும் தெரிந்தால்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தண்டு நீளாமல் பூ இலைக்குள்ளேயே சிக்கும், அல்லது வரவே வராது. எடுத்ததும் நாலைந்து நாள் நிழல், முளை பச்சையானபின் காலை வெயில்.

இப்போது கூட்டாளிச் செடி. 14 அங்குலத் தொட்டியில் ஜெரேனியத்தை ஓரமாக நகர்த்தி, நடுவில் 6 அங்குலக் காலித் தொட்டி ஒன்றைப் புதைத்துவிடுங்கள். அதன் வாயை ஒரு தட்டால் மூடி வைத்தால் மண் விழாது. ஜனவரியில் டாஃபடில் தொட்டியை அப்படியே அதற்குள் இறக்கி, இடைவெளியில் நார்க்கழிவு அடையுங்கள். டாஃபடில் தொட்டியின் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் அதற்குத் தண்ணீர். பூ முடிந்ததும் தூக்கிவிடலாம், ஜெரேனியத்தின் வேர் அசையாது. ஜெர்பெராவின் அகல இலை டாஃபடிலை மூடும். அதைப் பக்கத்துத் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். கல்வாழை, பெரணி போன்ற தண்ணீர்ப் பிரியர்களோடு சேர்க்கவே வேண்டாம்.

அடுத்த வருடமும் பூக்குமா என்றால், பெரிதாக நம்ப வேண்டாம். பூவுக்குப் பிறகு ஆறு வாரமாவது இலை பச்சையாக நின்றால்தான் கிழங்கு தேறும். நம் மார்ச் வெயில் அதற்கு இடம் தருவதில்லை. முயல்வதானால் வாடிய பூவை மட்டும் கிள்ளி, இலையை வெட்டாமல், அரைநிழலில் வைத்து, பத்து நாளுக்கொரு முறை லிட்டருக்கு 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) கரைத்து ஊற்றுங்கள். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கை எடுத்து வலைப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். அடியில் அழுத்தினால் மெத்தென்று இருப்பதைக் கழித்துவிடுங்கள்.

ஓசூர், தளி உயரத்தில்தான் இத்தனை பாடும் பலன் தரும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களில் இருப்பவர்களுக்கு மழை லில்லியைத்தான் சொல்வோம்: டாஃபடிலின் குடும்பம்தான், அரை அடிக்குச் சற்று மேல் வளரும், குளிர் கேட்காது. 10 அங்குலத் தொட்டிக்கு 10 கிழங்கு, ஒரு அங்குல ஆழம். மூன்று வாரம் காயப்போட்டு நன்றாக நனைத்தால் ஒரு வாரத்தில் மொட்டு வரும். ஜெரேனியத்தின் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் என்பதால் இதற்கு உள்தொட்டி வேண்டியதில்லை.