நாற்பதுக்குப் பின் எடையும் உணவும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாற்பது வயதுக்கு மேல் ஏறும் எடையைப் பற்றியவை. வயது, உயரம், இடுப்புச் சுற்றளவு, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய நான்கையும் எழுதுமாறு பலமுறை கேட்டுக்கொண்டும், பாதிக் கடிதங்களில் அவை இல்லை.

கேள்வி: என் எடை 78 கிலோ. இது அதிகமா? (ஆண், 46, ஈரோடு)

உயரத்தைச் சொல்லாமல் கேட்கும் இக்கேள்விக்கு யாராலும் பதில் தர இயலாது. நீங்கள் 180 செ.மீ. உயரம் என்றால் உங்கள் உடல் நிறை எண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI) 24, 165 செ.மீ. என்றால் அது 29ஐ நெருங்கிவிடும். இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன். அதைவிட முக்கியம் இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. நிமிர்ந்து நின்று, மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து அளக்க வேண்டும். கால்சட்டையின் அளவைப் பார்த்து எழுதாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் அதைத் தொப்பைக்குக் கீழேதான் அணிகிறார்கள்.

கேள்வி: மிகக் குறைவாகவே சாப்பிடுகிறேன், ஆனாலும் ஐந்து ஆண்டுகளில் 7 கிலோ ஏறிவிட்டது. வயதானதால் வளர்சிதை மாற்றம் குறைந்துவிட்டதா? மாதவிடாய் நின்று ஓராண்டாகிறது. (பெண், 49, மதுரை)

வயதின் மீது முழுப் பழியையும் போட முடியாது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பதாகக் காட்டியது. ஆனால், பயன்படுத்தாத தசை முப்பதுகளிலிருந்தே கரையத் தொடங்குகிறது, நடமாட்டமும் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், முன்பு தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. எடை ஏறாதவர்களுக்கும் இடுப்பு அகல்வது இதனால்தான்.

'குறைவாகச் சாப்பிடுகிறேன்' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். உட்கார்ந்து தட்டில் உண்ணும் உணவு குறைவாகவே இருக்கக்கூடும். சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றி முடிப்பது, வேலைக்கு நடுவே சர்க்கரை போட்டு நான்கு முறை டீ குடிப்பது ஆகியவை எவருடைய கணக்கிலும் வருவதில்லை. இரண்டு கரண்டி சர்க்கரையும் பாலும் சேர்ந்த டீயில் சுமார் 80 கலோரி என்றால், அந்த நான்கு டீயிலேயே 300 கலோரிக்கு மேல் ஆகிவிடும். இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அமரும் பெண்ணுக்குப் பானையில் சோறும் அடியில் தங்கிய குழம்பும் மட்டுமே மீந்திருக்கும். பொரியலும் கூட்டும் முட்டையும் தீர்ந்திருக்கும். ஆகவே, உங்கள் பங்கு காயையும் பருப்பையும் பரிமாறுவதற்கு முன்பே தனியே எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ளோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: அரிசியை விட்டுவிட்டுச் சாமை, வரகுக்கு மாறினால் எடை குறையுமா? (ஆண், 51, கும்பகோணம்)

அளவு குறையாவிட்டால் எடையும் குறையாது. சமைக்காத நிலையில் நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் சிறுதானியத்திலும் கலோரி ஏறத்தாழ சமமே. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, அதுவும் தவிடு நீக்காமல் இருந்தால்தான். பாலீஷ் செய்து வெள்ளை வெளேரென்று விற்கும் சாமையில் அந்த நன்மை பெரும்பாலும் போய்விடுகிறது. கேழ்வரகைச் சுண்ணாம்புச்சத்துக்காகத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா? (பெண், 42, திருநெல்வேலி)

கரையாது, ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது.

கேள்வி: தினமும் 16 மணி நேரம் விரதம் இருக்க விரும்புகிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். ஆரம்பிக்கலாமா? (ஆண், 54, சேலம்)

எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் அளவை மாற்றாமல் பட்டினி இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றை எடுப்பவர் நெடுநேரம் உண்ணாமல் இருந்தாலோ மாவுச்சத்தை முற்றாக நிறுத்தினாலோ, இரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். உங்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்காதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை வைத்து ஓராண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கலோரியைக் குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்டவர்கள் சுமார் 8 கிலோவும், அதே அளவு குறைத்து வழக்கமான நேரங்களில் உண்டவர்கள் சுமார் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை, அதாவது அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். இரவு எட்டு மணிக்குமேல் சாப்பிடாமல் இருப்பது உங்களுக்கு எளிதாக இருந்தால் அதுவே போதும்.

கேள்வி: 'ஒரு மாதத்தில் 10 கிலோ' என்ற திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். 9 கிலோ குறைந்தது. எட்டு மாதங்களில் 11 கிலோ ஏறிவிட்டது. மீண்டும் அதே திட்டத்தில் சேரலாமா? (ஆண், 52, சென்னை)

வேண்டாம். இத்தகைய திட்டங்களைப் பற்றி இப்பகுதியில் அடிக்கடி எழுதுகிறேன் என்று சிலர் குறைப்படுகிறார்கள். இதே கடிதம் வந்துகொண்டிருக்கும் வரை எழுதத்தான் செய்வேன்.

முதல் வாரத்தில் உங்களுக்குக் குறைந்த மூன்று நான்கு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை நிறுத்தியதும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்திருந்த மாவுச்சத்து தீர்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் நீரும் வெளியேறுகிறது. விளம்பரப் படங்களில் காட்டப்படும் அதிசயம் பெரும்பாலும் இந்த நீர்தான். அதன்பின் குறைவதில் கொழுப்போடு தசையும் போகிறது. புரதமும் உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் இழந்த எடையில் கால் பங்கு தசையாக இருக்கக்கூடும். ஐம்பதைத் தாண்டியவருக்கு அந்தத் தசை எளிதில் திரும்புவதில்லை. திரும்பி வரும் எடையோ பெரும்பாலும் கொழுப்பு. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது என்பதைப் பணம் வாங்குவோர் சொல்வதில்லை.

வேகம் மட்டுமே குற்றவாளி என்று நான் கூறவில்லை. 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரங்களில் விரைவாக இளைத்தவர்களும் 36 வாரங்களில் மெதுவாக இளைத்தவர்களும் அடுத்த மூன்றாண்டுகளுக்குள், இழந்த எடையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இளைத்த உடல் பசியைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கிறது. உங்கள் திட்டத்தில் முப்பதாம் நாள் வரை என்ன உண்பது என்று அச்சிட்ட தாள் இருந்தது. முப்பத்தோராம் நாள் என்ன உண்பது என்று யாராவது சொன்னார்களா? வீட்டில் மற்றவர்கள் இட்லி உண்ணும்போது நீங்கள் தனியாகப் பனீரையும் பாதாமையும் எத்தனை ஆண்டுகள் உண்பீர்கள்? பொங்கலுக்கும் உறவினர் திருமணத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் ஈடுகொடுக்காத உணவுமுறையில் சேர வேண்டாம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வை நான் எல்லோருக்கும் நினைவூட்டுகிறேன். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவேயில்லை. எடைமேடை அசையாத மாதங்களிலும் உடலுக்குள் நன்மை நடக்கிறது. ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைந்து அது அப்படியே நின்றால் உங்களுக்கு அது பெரிய வெற்றி. சோற்றை வழக்கத்தில் முக்கால் பங்காக்கி, காயை இருமடங்காக்கி, வீட்டு எண்ணெயைத் தலைக்கு மாதம் அரை லிட்டர் அளவுக்கு இறக்கி, வாரம் இருமுறை தசைக்கு வேலை தரும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையை வாரம் ஒருமுறையும், இடுப்பை மாதம் ஒருமுறையும் அளந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் சைவம். தினமும் சாம்பார் உண்பதால் புரதம் போதுமல்லவா? (பெண், 45, காரைக்குடி)

போதாது. ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம் புரதமே இருக்கும். 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் வேண்டும். மாலை நேரத்துக்கு முறுக்குக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல், மதியத்தில் கெட்டிப் பருப்பு அல்லது கூட்டு, இரு வேளை தயிர், வாரத்தில் சில நாள் சோயா உருண்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்குத் தைராய்டு. அதனால்தான் 20 கிலோ கூடிவிட்டது. (பெண், 44, வேலூர்)

தைராய்டு சுரப்பு குறைவதால் பொதுவாக ஏறுவது சில கிலோக்கள்தான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையை வெறும் வயிற்றில் தவறாமல் எடுங்கள். மீதிக் கிலோக்களுக்கு மதுரை வாசகிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி நல்லதா? (ஆண், 50, கோயம்புத்தூர்)

உடல் பருமனும் அதனால் வரும் நோய்களும் உள்ளவருக்கு, மருத்துவர் கண்காணிப்பில், அது நல்ல மருந்து. இவ்வகை ஊசி மருந்தான செமாகுளுடைடு பற்றிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசியோடு உணவையும் மாற்றாதவர் அதைப் போடத் தொடங்கும் முன் யோசிக்க வேண்டும்.

கேள்வி: உணவை மாற்றாமலே மூன்று மாதங்களில் 6 கிலோ குறைந்துவிட்டது. நண்பர்கள் பாராட்டுகிறார்கள். இதைத் தக்கவைக்க என்ன செய்வது? (ஆண், 58, நாகர்கோவில்)

பாராட்டை ஒதுக்கிவிட்டு இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். முயலாமல் எடை இறங்குவதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். இரத்தச் சர்க்கரை, தைராய்டு, மார்பு எக்ஸ்ரே ஆகிய பரிசோதனைகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். முடிவுகள் வந்தபின் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், இம்முறை உயரத்தையும் சேர்த்து.