கேளுங்கோ, சொல்லுறம்: சொந்தத் தொழில்காரருக்கு ஜூரி கடிதம் வந்தா காசுக்கு என்ன வழி?

கேள்வி: அண்ணா வணக்கம். நான் குரோய்டன்ல டிரைவிங் பழக்கிறன், தனியாத்தான், கம்பெனி ஒண்டும் இல்லை. ஜூரி சேர்விஸ் எண்டு, அதாவது பொதுமக்களில ஒராளா இருந்து வழக்கில குற்றவாளியோ இல்லையோ எண்டு முடிவு சொல்ல, கடிதம் வந்திருக்கு, ரெண்டு கிழமை கிரவுன் கோர்ட்டுக்கு வரட்டாம். நான் ஒருநாள் வீட்டில நிண்டா அண்டைக்கு வருமானம் இல்லை, ஆனா கார் ஃபைனான்ஸ் மட்டும் மாதா மாதம் போகுது. கோர்ட் முழுக்காசும் தரும் எண்டு சில பேர் சொல்லினம், சல்லிக்காசும் வராது எண்டு சில பேர் சொல்லினம். உண்மை என்ன? - ஒரு வாசகர், குரோய்டன்

பதில்: தம்பி, ரெண்டு பகுதியும் பாதிதான் சரி. ஜூரிக்குச் சம்பளம் எண்டு ஒண்டு கிடையாது, ஆனா நீங்கள் இழந்த உழைப்புக்கு ஒரு எல்லை வரைக்கும் தருவினம், அந்த எல்லையை முதலே தெரிஞ்சு வச்சாத்தான் பிறகு மனம் நோகாது. முதல் 10 நாளும், கோர்ட்டில 4 மணித்தியாலத்துக்கு மேல நிண்டா ஒரு நாளைக்கு கூடினது 64.95 பவுண், 4 மணித்தியாலமோ அதுக்குக் குறைவோ எண்டா 32.47 பவுண். 11ஆம் நாளில இருந்து அது இரட்டிப்பாகி 129.91 பவுண் ஆகும், ஆனா பெரும்பாலான ஆக்களுக்கு 10 வேலைநாளோட முடிஞ்சிடும்.

இதில கனபேர் பிழையா விளங்கிறது என்னெண்டா, 64.95 எண்டது எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கிற காசு இல்லை. நீங்கள் உண்மையா இழந்தது எவ்வளவோ அதுதான் கிடைக்கும், அதுவும் 64.95ஐத் தாண்டேலாது. அதோட இழந்தது எண்டா கையில வந்த மொத்தக் காசு இல்லை, பெற்றோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சிற லாபம். வருசத்துக்கு உங்கட லாபம் 13,000 பவுண் எண்டு டாக்ஸ் ரிட்டர்ன்ல போட்டிருந்தா, கிழமைக்கு 250, அஞ்சு நாளாப் பிரிச்சா நாளுக்கு 50, அப்ப கேட்கக்கூடியது ஏறக்குறைய அந்த 50தான். லாபம் 26,000 எண்டா நாளுக்கு 100 வரும், ஆனா கையில வாறது 64.95, மிச்சம் உங்கட நட்டம். (லாபத்தைக் குறைச்சுக் காட்டி டாக்ஸ் மிச்சம்பிடிச்ச ஆக்களுக்கு இந்த இடத்தில கொஞ்சம் கசக்கும், அதுக்கு என்னட்ட மருந்து இல்லை.) கார் ஃபைனான்சைத் தனிச் செலவா எழுதிக் கேட்க கோர்ட்டுக்குக் குடுக்கிற கிளெய்ம் ஃபோர்ம்ல இடம் இல்லை.

சம்பளத்துக்கு வேலை செய்யிறவருக்கு முதலாளி ஒரு சேர்ட்டிஃபிக்கட் நிரப்பிக் குடுத்தாச் சரி, உங்களுக்கு முதலாளி நீங்கள்தான், அதால கோர்ட் அத்தாட்சி கேட்கும். கடைசியாப் போட்ட டாக்ஸ் ரிட்டர்ன், இல்லாட்டி வரி ஆபீஸ் (எச்.எம்.ஆர்.சி) தாற எஸ்.ஏ.302 எண்ட வரிக் கணக்கு, இல்லாட்டி அக்கவுண்டன்ட் எழுதித் தாற கடிதம், இப்பிடி ஒண்டை இப்பவே எடுத்து வையுங்கோ. ஜனவரி கடைசியில அக்கவுண்டன்ட்டைப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரியும், கடைசி நேரத்துக்கு விடாதேங்கோ. தொழில் தொடங்கி ஒரு வருசமும் ஆகேல்லை, ரிட்டர்னே இன்னும் போடேல்லை எண்டா, கோர்ட்டின்ர ஜூரி ஆபீசுக்கு முதலே ஃபோன் எடுத்து என்ன காட்டினா ஏற்பியள் எண்டு கேளுங்கோ. எந்த நாள் எந்தப் பாடத்தை ரத்துச் செய்தனீங்கள் எண்டு டயரியில அப்பப்பவே எழுதி, பிள்ளையளுக்குப் போட்ட மெசேஜையும் அழிக்காம வையுங்கோ.

வழிச்செலவும் சாப்பாடும் இந்த எல்லைக்குள்ள வராது, அது தனி. பஸ், ட்ரெயின் எண்டா டிக்கெட் காசு, சொந்தக் கார் எண்டா மைலுக்கு 31.4 பென்ஸ், சைக்கிள் எண்டா 9.6 பென்ஸ். போய்வர 12 மைல் எண்டு வையுங்கோ, 3.77 பவுண் வரும். பார்க்கிங் தருவினமோ எண்டதை கார் எடுக்க முதல் கேளுங்கோ, டாக்ஸிக்கும் முதலே அனுமதி வேணும், பிறகு ரிசீட்டை நீட்டினா பலன் இல்லை. சாப்பாட்டுக்கு 10 மணித்தியாலம் வரைக்கும் வெளியில நிண்டா 5.71 பவுண், அதுக்கு மேல எண்டா 12.17. லண்டன்ல 5.71க்கு ஒரு சாண்ட்விச்சும் தேத்தண்ணியும் வாங்கிறதே பெரிய காரியம், வீட்டில கட்டிக்கொண்டு போறது புத்தி.

இன்னொண்டு, பலபேர் கவனிக்கிறேல்லை. உங்கட வீட்டு இன்சூரன்ஸ்ல லீகல் எக்ஸ்பென்சஸ் கவர் (சட்டச் செலவுக்கான காப்புறுதி) சேர்த்து எடுத்திருந்தா அந்தப் பொலிசியை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ, சிலதில ஜூரி சேர்விஸ்ல போற வருமானமும் அடங்கும், கோர்ட் தாறது போக மிச்சத்துக்கு. தொழில் சங்கத்தில மெம்பர் எண்டா அங்கயும் கேளுங்கோ.

இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும்தான். ஸ்கொட்லாந்தில கிரிமினல் வழக்குக்கு ஜூரியே 15 பேர், அங்கத்த ரேட்டும் ஃபோர்மும் வேற, வட அயர்லாந்திலயும் ரேட்டும் ஃபோர்மும் வேறதான்.

கேள்வி: டிசம்பர்ல எனக்கு கேக் ஓடர் குவியும், அந்த நேரம் பார்த்து ஜூரிக்கு வரச்சொல்லி வந்திருக்கு. வரேலாது எண்டு எழுதலாமோ? - வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, வியாபாரம் பாதிக்கும் எண்டு சொல்லி முழுசாத் தப்பிறது கஷ்டம். ஆனா தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், ஒரு முறைதான், அடுத்த 12 மாதத்துக்குள்ள ஒரு திகதி சொல்லவேணும். உங்களுக்கு பெப்ரவரி, மார்ச் காத்துவாங்கிற மாதம் எண்டா அதைக் கேளுங்கோ. என்னைக் கேட்டா, சொந்தத் தொழில்காரருக்கு கோர்ட் தாற 64.95ஐ விட நல்ல மாதம் பார்த்துத் தள்ளிப்போடுறதுதான் பெரிய மிச்சம், டிசம்பர்ல நீங்கள் ஒரு நாளில இழக்கிறதை அந்தக் காசு தொட்டும் பாராது. கடைசி 2 வருசத்துக்குள்ள ஏற்கனவே ஜூரியில இருந்தனீங்கள் எண்டா அதைச் சொல்லி விலகலாம். எதுவெண்டாலும் 7 நாளுக்குள்ள பதில் போடுங்கோ, கடிதத்தை லாச்சிக்குள்ள போட்டுட்டு இருந்தா 1,000 பவுண் வரைக்கும் அபராதம். போய்ச் சேர்ந்த பிறகு வழக்கு கன கிழமை இழுக்கும் எண்டு தெரிஞ்சா, ஜூரியைத் தெரிவு செய்ய முதல் உங்களால அவ்வளவு காலம் இருக்கேலுமோ எண்டு கேட்பினம், அந்த நேரம் வெட்கப்படாம வாயைத் திறவுங்கோ.

கேள்வி: நான் வீட்டில இருந்து தையல் செய்யிறன், மூண்டு வயசு மகன் என்னோடதான். கோர்ட்டுக்குப் போனா அவனை ஒரு சைல்ட்மைண்டரிட்ட விடவேணும். அந்தக் காசைத் தனியாக் கேட்கலாமோ?

பதில்: கேட்கலாம், ஆனா தனியா இல்லை, அதுதான் சங்கடம். உழைப்பு இழப்பும் பிள்ளை பார்க்கிற செலவும் சேர்த்துத்தான் நாளுக்கு 64.95. சைல்ட்மைண்டர் 60 பவுண் எடுத்தா உங்கட தையலுக்கு மிஞ்சிறது 4.95. அதோட வழக்கத்தைவிட மேலதிகமாப் போற செலவைத்தான் கேட்கலாம், கிழமையில ரெண்டு நாள் ஏற்கனவே நேர்சரிக்குப் போறான் எண்டா அந்த ரெண்டு நாளைக்கும் கேட்கேலாது. பார்க்கிறவரிட்ட எழுத்தில ரிசீட் வாங்குங்கோ, ஆள் சொந்தக்காரர் எண்டாலும்.

கேள்வி: காலமை பத்து மணிக்குப் போய், பதினொண்டரைக்கு வீட்ட போங்கோ எண்டு விட்டா அண்டைக்கு என்ன கணக்கு?

பதில்: அரைநாள் ரேட், 32.47 வரைக்கும். நாளைக்கு வரத்தேவையில்லை எண்டு சொன்னா அண்டைக்கு நீங்கள் வேலை செய்யலாம் எண்டுதான் அவையின்ர எண்ணம். ஜூரியில காத்திருக்கிறதுதான் பாதி வேலை, அதால லேட்டான பின்னேரங்களில ஒண்டு ரெண்டு ஓடரை எடுக்கிற மாதிரி வையுங்கோ, முழுக் கிழமையையும் அடைச்சு வைக்காதேங்கோ.

கேள்வி: கோர்ட் தந்த காசுக்கு டாக்ஸ் கட்டவேணுமோ?

பதில்: சொந்தத் தொழில் செய்யிறவருக்கு உழைப்பு இழப்புக்குத் தந்த காசு தொழில் வரவுதான், கணக்கில சேர்க்கவேணும். வழிச்செலவும் சாப்பாட்டுக் காசும் அப்பிடி இல்லை, ஆனா கோர்ட் திருப்பித் தந்த அதே மைலைத் தொழில் செலவு எண்டு ரிட்டர்ன்ல திரும்பவும் போடாதேங்கோ.

கேள்வி: எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, சிறிலங்கா பாஸ்போர்ட்தான், பிறகு ஏன் ஜூரி கடிதம்? சேர்விஸ் முடிஞ்சு எவ்வளவு காலத்துக்குள்ள கிளெய்ம் போடவேணும்?

பதில்: கொமன்வெல்த் நாட்டுக்காரர் இங்க வாக்காளர் பட்டியல்ல இருக்கலாம், ஜூரிக்கு ஆள் எடுக்கிறது அந்தப் பட்டியல்ல இருந்துதான். 18இல இருந்து 75 வயசுக்குள்ள, 13 வயசுக்குப் பிறகு குறைஞ்சது 5 வருசம் யூகேயில இருந்தனீங்கள் எண்டா கூப்பிடலாம். இங்கிலீஷ் விளங்காது எண்டா அதை மறைக்காம சொல்லுங்கோ, நீதிபதி விடுவிக்கலாம். கிளெய்ம் ஃபோர்மை சேர்விஸ் முடிஞ்சு 12 மாதத்துக்குள்ள குடுக்கவேணும், ஆனா ஏன் ஆறவைப்பான், கடைசி நாளே நிரப்பிக் குடுத்தா வழக்கமா 7 இல இருந்து 10 வேலைநாளுக்குள்ள பாங்குக்கு வந்திடும். அனுப்ப முதல் ஃபோர்மையும் ரிசீட்டுகளையும் ஃபோன்ல படம் எடுத்து வையுங்கோ.